ஒகேனக்கல் சீறினால் தஞ்சை சிரிக்குமா?

தஞ்சாவூர்ச் சீமையில் மலை கிடையாது. சிறு குன்று கூடக் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல்தான். பலகை போட்டாற்போல் தரை கிடக்கிறது. அங்கே பிறந்து வளர்கிற பிள்ளை, அருவியைச் சினிமாவில் பார்த்தால்தான் உண்டு.

ஆனால், ஆனி, ஆடி மாதங்களில் அந்தப் பக்கத்து டீக்கடை எதிலாவது காலையில் போய் உட்கார்ந்து பாருங்கள். பத்திரிகை வந்து விழுந்ததும் ஒரு கேள்வி வரும்.

"ஒகேனக்கல்ல எவ்வளவுப்பா?"

படிக்கிறவர் எண்ணைச் சொல்வார். கடையில் இருக்கிற அத்தனை பேரும் அதைக் காதில் வாங்கிக்கொள்வார்கள். நேற்று என்ன எண், முந்தாநாள் என்ன எண் என்று கணக்குப் பார்ப்பார்கள். கூடியிருந்தால் முகம் மலரும். குறைந்திருந்தால் பேச்சு நின்றுவிடும்.

ஒகேனக்கல் இருப்பது தர்மபுரி மாவட்டத்தில். தஞ்சாவூரில் இருந்து திருச்சி, சேலம் வழியாகச் சாலையில் போனால் சுமார் 300 கிலோ மீட்டர். கேள்வி கேட்கிறவர்களில் பல பேர் அந்த அருவியை நேரில் பார்த்தது இல்லை. இருந்தும் அவர்கள் வீட்டு அடுப்புக்கும் அந்த அருவிக்கும் சம்பந்தம் உண்டு.

அதே செய்தியின் கடைசி வரியை உல்லாசப் பயணிகள் படிப்பார்கள். "நீர்வரத்து அதிகரித்ததால் அருவியில் குளிக்கவும், பரிசல் ஓட்டவும் தடை" என்று அதில் இருக்கும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன குடும்பம் தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஒரே தண்ணீர். ஒரே நாள். அங்கே ஏமாற்றம். இங்கே ஆனந்தம்!

அப்படியானால் ஒகேனக்கல் எவ்வளவுக்கு எவ்வளவு சீறுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு தஞ்சாவூருக்கு நல்லதா? பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது.

புகைப் பாறை

முதலில் அருவியைப் பார்த்துவிடுவோம்.

கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை. 'கல்' என்றால் கல்தான். புகையும் கல். தண்ணீர் பாறையில் மோதித் தெறித்து, வெள்ளைப் புகை போல மேலே எழும்புவதால் இந்தப் பெயர். ஊர் இருப்பது தமிழ்நாட்டில். ஆற்றுக்கு அந்தக் கரை கர்நாடகம்.

குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கிற காவிரி, கர்நாடகத்தைக் கடந்து, காட்டு மலை இடுக்குகளில் நுழைந்து இங்கே வருகிறது. வந்த இடத்தில் பாறைகள் வழி மறிக்கின்றன. ஆறு பல கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் கிடைத்த சந்தில் பாய்ந்து விழுகிறது. அதனால் ஒகேனக்கல் என்பது ஒரு அருவி அல்ல. மெயின் அருவி, ஐந்தருவி, சினி பால்ஸ் என்று பல அருவிகள் சேர்ந்த கூட்டம். சினிமாக்காரர்களுக்கு மிகவும் பிடித்த இடம். 1992-ல் வந்த 'ரோஜா' படத்தைப் பார்த்தவர்கள் இந்தப் பாறைகளையும் பார்த்திருப்பார்கள்.

உயரம் என்று பார்த்தால் சுமார் 65 அடிதான். நம் ஊரில் நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு தென்னை மரத்தின் உயரம். கர்நாடகத்தில் ஷராவதி ஆற்றின் ஜோக் அருவி 830 அடி. அதன் பக்கத்தில் ஒகேனக்கல் குழந்தை. ஆனால் ஆற்றின் அகலமும் தண்ணீரின் கனமும் சேர்ந்து இதற்கு ஒரு மிரட்டலைக் கொடுக்கின்றன.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பைப் பலகையில் கிடத்தி, ஆட்டுரலில் மாவு ஆட்டுவது போல் ஆட்டி எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அருவியில் போய் நின்றால், இருக்கிற வலி எல்லாம் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. ஆற்று மீனை அங்கேயே வாங்கி, அங்கேயே சமைத்துத் தரச்சொல்லிச் சாப்பிடலாம். மூங்கில் பிளாச்சில் கூடை போல் முடைந்த பரிசலில் ஏறி, பாறைகளுக்கு நடுவே சுற்றி வரலாம். முன்பு பரிசலின் அடியில் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள்.

பரிசல் விளையாட்டுப் பொருள் அல்ல. 2015 ஏப்ரலில் பரிசல் கவிழ்ந்து, சுற்றுலா வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் இறந்துபோனார்கள். உயிர்காப்புச் சட்டை கொடுத்தால் வெயிலைக் காரணம் சொல்லிக் கழற்றி வைக்கக்கூடாது.

குடக் கணக்கு

ஒகேனக்கல் செய்தியில் 'கன அடி' என்று ஒரு சொல் வருகிறது. அடுத்தாற்போல் 'டி.எம்.சி.' வருகிறது. இந்த இரண்டும் புரிந்துவிட்டால் காவிரித் தகராறில் பாதி புரிந்தாற்போல.

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது கொள்ளும் தண்ணீர் ஒரு கன அடி. சுமார் 28 லிட்டர். தெருக்குழாயில் நாம் பிடிக்கிற பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் கொள்ளும். ஆகவே ஒரு கன அடி என்பது ஏறக்குறைய இரண்டு குடம்.

ஒகேனக்கலில் வினாடிக்கு 1 லட்சம் கன அடி என்றால், நாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் 2 லட்சம் குடம் தண்ணீர் போய்விடுகிறது!

டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு சுமார் 11,500 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க, இரவும் பகலும் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். 1 லட்சம் கன அடி ஒரு நாள் ஓடினால் 8½ டி.எம்.சி.க்குக் கொஞ்சம் கூடுதல்.

மேட்டூர் அணை முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காய்ந்து கிடக்கிற அணையைக் கூட, 1 லட்சம் கன அடி வந்தால் 11 நாளில் நிரப்பிவிடலாம். இந்த 11 நாள் கணக்கை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேண்டியிருக்கிறது.

சாவி யாரிடம்?

மழை பெய்கிறது, ஆறு பெருகுகிறது, அருவி கொட்டுகிறது. குற்றாலத்தில் அப்படித்தான். ஒகேனக்கலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

மைசூருக்குப் பக்கத்தில் கிருஷ்ணராஜசாகர் அணையை 1911-ல் கட்டத் தொடங்கினார்கள். பிறகு கபினி அணை, ஹேமாவதி அணை, ஹாரங்கி அணை என்று வந்தன. இப்போது குடகிலும் கேரளத்து வயநாட்டிலும் பெய்கிற தென்மேற்குப் பருவமழை, முதலில் அந்த அணைகளில்தான் போய் நிற்கிறது. அவை நிரம்பினால் மிச்சம் வரும். நிரம்பாவிட்டால் உத்தரவு போட்டால்தான் வரும். இடையில் உள்ள காட்டுப் பகுதிகளில் பெய்கிற மழை மட்டும், பூட்டு இல்லாமல் நேராக ஒகேனக்கலுக்கு வந்து சேருகிறது.

ஆக, ஒகேனக்கலை இயற்கையின் அதிசயம் என்று மட்டும் சொன்னால் போதாது. அருவி இங்கே இருக்கிறது. அதைத் திறக்கிற சாவி மைசூர்ப் பக்கம் இருக்கிறது.

ஒகேனக்கலுக்குச் சற்று மேலே, எல்லையில் பிலிகுண்டுலு என்று ஒரு இடம். அங்கே மத்திய நீர்வளக் கமிஷனின் அளவு நிலையம் இருக்கிறது. கர்நாடகம் எவ்வளவு விட்டது, தமிழ்நாட்டுக்கு எவ்வளவு வந்தது என்பதற்கு அந்த இடத்து அளவுதான் சாட்சி.

வழக்கின் கதை நீளமானது. 1892-லும் 1924-லும் மைசூர் சமஸ்தானமும் சென்னை ராஜதானியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறகு தகராறு முற்றி, 1990-ல் நடுவர் மன்றம் ஏற்பட்டது. அது 2007-ல் இறுதித் தீர்ப்புச் சொன்னது. வருஷத்துக்கு 192 டி.எம்.சி. பிலிகுண்டுலுவில் வரவேண்டும் என்றது. அதை 2018 பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. அந்த வருஷமே காவிரி மேலாண்மை ஆணையமும் வந்தது.

இந்த 177.25-ஐ மொத்தமாகக் கொடுத்தால் போதாது. மாதாமாதம் பங்கு போட்டிருக்கிறார்கள். ஜூனில் 9.19 டி.எம்.சி. ஜூலையில் 31.24. ஆகஸ்டில் 45.95. செப்டம்பரில் 36.76. அக்டோபரில் 20.22. பிறகு படிப்படியாகக் குறைந்து, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2½ டி.எம்.சி.

தஞ்சாவூர் விவசாயியின் உயிர் இருப்பது அந்த 177.25-ல் அல்ல. இந்த மாதப் பட்டியலில்!

21 நாள் வெள்ளம்

ஏன் என்று பார்ப்போம்.

1 லட்சம் கன அடி வெள்ளம் 21 நாள் ஒகேனக்கலில் கொட்டினால் போதும். 177.25 டி.எம்.சி.க்கு மேல் வந்து சேர்ந்துவிடும். காகிதத்தில் வருஷக் கணக்கு முடிந்தது!

வந்ததை எங்கே வைப்பது? மேட்டூர் 11 நாளில் நிரம்பிவிடுமே! அதுவும் அணை காலியாக இருந்தால்தான் 11 நாள். பாதி நிரம்பிய அணை என்றால் ஐந்தாறு நாள். மீதித் தண்ணீரைத் திறந்துதான் விட வேண்டும். அது திருச்சிக்கு மேலே முக்கொம்பில் பிரிந்து, பெரும் பகுதி கொள்ளிடத்தில் இறங்கி, கடலுக்குப் போய்விடும்.

மேட்டூர் அணையை 1934-ல் கட்டி முடித்தார்கள். வழக்கமாக ஜூன் 12-ந் தேதி திறந்து, ஜனவரி 28-ந் தேதி மூடுவார்கள். சுமார் 230 நாள். அந்த 230 நாளும் வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டும். பயிருக்கு வயிறு ஒன்றுதான். ஒரே நாளில் 21 நாள் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மீதி நாள் பட்டினி கிடக்க முடியாது.

2018-ல் நடந்ததைப் பாருங்கள். ஜூலையில் மேட்டூர் நிரம்பியது. ஆகஸ்டில் ஒகேனக்கலில் 1 லட்சம் கன அடிக்கு மேல் சீறியது. அருவி எது, ஆறு எது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகிவிட்டது. கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியது. ஆகஸ்டு 22-ந் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் உடைந்து விழுந்தன. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய அணை அது. கடலுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், கடைமடைப் பகுதிகளில் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் குறை சொன்னார்கள்.

வெள்ளம் கண்டு பயந்த காலமும் உண்டு. 1924 ஆடி மாதத்துப் பெருவெள்ளத்தைப் பற்றித் தஞ்சை, திருச்சி ஜில்லாக்களில் கதை கதையாகச் சொல்வார்கள். கரைகள் உடைந்து, ஊர்கள் முழுகிய வெள்ளம் அது. அப்போது மேட்டூர் அணை இல்லை.

ஆகவே டீக்கடைக் கேள்விக்கு வருகிற பதில் 1 லட்சமாக இருந்தால் அதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. மாதப் பட்டியலை நாள் கணக்காக மாற்றிப் பார்த்தால், ஜூலையில் சராசரி சுமார் 11,600 கன அடி. ஆகஸ்டில் சுமார் 17,000. ஜூனில் 3,500 தான். இந்த அளவு ஒவ்வொரு நாளும் தவறாமல் வந்தால் போதும். தஞ்சாவூர் பிழைத்துக்கொள்ளும்.

எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் மேலும் குற்றம் இருக்கிறது. 1 லட்சம் கன அடி என்றால் பெரிய படம் போடுகிறோம். 11,000 கன அடியைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்ப்பார்கள்?

குறுவை காத்திருக்காது

தண்ணீர் தாமதமானால் என்ன நஷ்டம் என்று நகரத்துக்காரர்கள் கேட்கிறார்கள். எப்படியும் வந்துவிடுகிறதே என்கிறார்கள்.

குறுவை மூன்றரை, நான்கு மாதப் பயிர். ஜூனில் தண்ணீர் வந்து நாற்று விட்டால், ஐப்பசி அடைமழைக்கு முன் கதிர் அறுத்துவிடலாம். ஆகஸ்டில் தண்ணீர் வந்தால், நடுகிற பயிர் அறுப்புக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். கதிர் சாய்ந்து, வயலிலேயே முளைவிடும். அதனால் தாமதமானால் குறுவையை விட்டுவிட்டு, ஒரு போகம் சம்பாவோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஒரு போகம் போனால் நிலக்காரருக்கு நெல் நஷ்டம். நடவு நடுகிற பெண்களுக்கு அந்த மாதக் கூலியே போச்சு. கிணறும் பம்பு செட்டும் இருக்கிறவர்கள் சமாளிப்பார்கள். வேதாரண்யம், நாகைக் கடலோரத்தில் பூமிக்கு அடியிலும் உப்புத் தண்ணீர். அங்கே காவிரி வந்தால்தான் உண்டு.

2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து ஜூன் 12-ந் தேதி மேட்டூரைத் திறக்க முடியவில்லை. 2017-ல் திறந்த நாள் அக்டோபர் 2. அந்த வருஷம்தான் தமிழ்நாட்டு விவசாயிகள் மண்டை ஓடுகளைக் கையில் வைத்துக்கொண்டு டெல்லியில் போராடினார்கள். 2020-ல் மறுபடி ஜூன் 12-ல் திறந்தார்கள். 2022-ல் மழை அமோகம். மே 24-லேயே திறந்துவிட்டார்கள்.

2023-ல் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தார்கள். பருவமழை கைவிட்டது. கர்நாடக அணைகளும் நிரம்பவில்லை. ஆகஸ்டு கடைசியில் 15 நாளைக்கு வினாடிக்கு 5,000 கன அடி விடவேண்டும் என்று உத்தரவு வந்தது. பிறகு மேலும் 15 நாள். அதன் பிறகு 3,000. அங்கே பெங்களூரிலும் கர்நாடகம் முழுவதிலும் பந்த் நடந்தது. எங்கள் பயிர் காயும்போது எப்படிக் கொடுப்பது என்று மண்டியா விவசாயிகள் கேட்டார்கள். அவர்களும் நம்மைப் போல் வயலை நம்பி வாழ்கிறவர்கள்தான். அவர்கள் கண்ணீரைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அக்டோபர் 10-ந் தேதி மேட்டூரை மூடிவிட்டார்கள். ஜனவரி வரை ஓடவேண்டிய தண்ணீர் நவராத்திரிக்கு முன்னாலேயே நின்றது.

மறு வருஷம், 2024. ஜூன் 12-ல் திறக்க அணையில் தண்ணீர் இல்லை. ஜூலையில் மேலே வானம் பொத்துக்கொண்டது. ஒகேனக்கல் லட்சக் கணக்கில் சீறியது. ஜூலை 28-ல் அணையைத் திறந்தார்கள். 30-ந் தேதி 120 அடியைத் தொட்டு நிரம்பிவிட்டது!

அந்த ஜூலை 30 விடியற்காலையில்தான் வயநாட்டில் மண் சரிந்து, சூரல்மலை, முண்டக்கை ஊர்கள் அழிந்தன. 200 பேருக்கு மேல் மாண்டார்கள். சரிந்த அந்தச் சரிவின் தண்ணீர் மேற்கே சாலியாற்றில் வடிவது, காவிரிக்கு வருவது அல்ல. ஆனால் மழை ஒன்றுதான். மலையின் ஒரு பக்கம் எழவு, மறுபக்கம் அணைக்குப் பூத்தூவல்.

அணை நிரம்பியும் அந்த வருஷம் பல இடங்களில் குறுவைக்குக் காலம் தப்பிவிட்டது. 2025-ல் ஜூன் 12-ல் மேட்டூரையும், 15-ல் கல்லணையையும் திறந்தார்கள். அதே மாதக் கடைசியில் அணையும் நிரம்பியது. அப்படி எல்லாம் கூடி வருகிற வருஷங்கள் அபூர்வம்.

பார்க்கிறவர்களுக்கும் பங்கு

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே நயாகரா நீர்வீழ்ச்சி இருக்கிறது. இரண்டு நாடுகளும் அந்தத் தண்ணீரை மின்சாரத்துக்குத் திருப்பிக்கொள்கின்றன. முழுக்கத் திருப்பிவிட்டால் அருவி வற்றிவிடுமே! அதனால் 1950-ல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சுற்றுலாக் காலத்தில், பகல் வேளையில், வினாடிக்கு 1 லட்சம் கன அடிக்குக் குறையாமல் அருவியில் விடவேண்டும். மற்ற நேரத்தில் 50,000. அதற்கு மேல் இருப்பதைத்தான் பங்கு போட வேண்டும். பார்க்க வருகிறவன் கண்ணுக்கும் ஒரு பங்கு ஒதுக்கிவிட்டார்கள்!

நம் பக்கத்திலும் அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். இதே காவிரியில், மேலே சிவசமுத்திரத்தில் 1902-லேயே மின்நிலையம் அமைத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கம்பி இழுத்தார்கள்.

ஒகேனக்கலுக்கென்று எந்தத் தீர்ப்பிலும் பங்கு கிடையாது. நெல்லுக்குப் போகிற தண்ணீர் போகிற வழியில் கொட்டிவிட்டுப் போகிறது. அவ்வளவுதான். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக்கூட விடுமுறை. கூட்டம் வருவது அப்போதுதான். தண்ணீரோ சில நூறு கன அடிக்கு இறங்கி, பாறை பாறையாகத் தெரியும். ஆடி, ஆவணியில் பார்க்கத் தகுந்த அழகு வரும்போது, போலீசார் தடுப்புப் போட்டுவிடுவார்கள். பரிசல்காரர், எண்ணெய் தேய்ப்பவர், மீன் பொரிக்கிற பெண்கள் எல்லோரும் அன்று சும்மா உட்கார வேண்டும். தடை நாள் கணக்கில் நீண்டால் அடகுக் கடைக்குப் போக வேண்டும்.

அவர்களுக்கும் நல்ல நாள் எது என்று கேட்டுப் பாருங்கள். அருவியும் அழகாக விழவேண்டும், பரிசலும் ஓடவேண்டும் என்பார்கள். அது சில ஆயிரம் கன அடி நிதானமாக வருகிற நாள். தஞ்சாவூர்க்காரர் கேட்பதும் நிதானமான தண்ணீரைத்தான். இரண்டு பேருக்கும் ஆகாதது, ஒன்றுமே வராத நாளும், ஒரேயடியாக வருகிற நாளும்.

வறட்சியில் வேறொரு வேடிக்கை உண்டு. மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கிப்போனால், பண்ணவாடிப் பக்கம், அணை கட்டியபோது முழுகிய ஊர்களின் கோவில் நந்தியும், மாதா கோவில் கோபுரமும் வெளியே தலை நீட்டும். அதைப் பார்க்கவும் ஜனங்கள் கூட்டமாகப் போகிறார்கள். நந்தி தலை தெரிகிறது என்ற செய்தி தஞ்சாவூருக்குப் போனால், அங்கே அடிவயிறு கலங்கும்.

தர்மபுரிக்காரர் தாகம்

அருவியை வாசலில் வைத்துக்கொண்டு தாகத்தில் கிடந்தது தர்மபுரி. நிலத்தடித் தண்ணீரில் புளோரைடு உப்பு அதிகம். அதைக் குடித்துப் பிள்ளைகளின் பல் பழுப்பேறியது. பெரியவர்களுக்கு எலும்பு பாதித்தது. ஒகேனக்கல் தண்ணீரைக் குழாய் போட்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்தது. 2008-ல் அதைத் தொடங்கியபோது கர்நாடகத்தில் கிளர்ச்சி நடந்தது. 2013-ல் திட்டம் முடிந்து தண்ணீர் வந்தது.

குடிக்கத் தண்ணீர் வந்தது. வயலுக்கு வரவில்லை. வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகிற உபரி நீரை மேலே இறைத்து, தங்கள் ஏரிகளை நிரப்ப வேண்டும் என்று தர்மபுரி விவசாயிகள் பல வருஷமாகக் கேட்கிறார்கள். 21 நாள் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோரிக்கையில் உள்ள நியாயம் புரியும். வீணாகிற நாளில் எடுத்தால் தஞ்சாவூருக்கு நஷ்டம் இல்லை. வீணாகாத நாளில் எடுக்காமல் இருப்பார்களா என்பதுதான் தஞ்சாவூர்க்காரர் சந்தேகம்.

ஆடு தாண்டும் இடம்

அடுத்த தகராறு மேகதாது. கன்னடத்தில் ஆடு தாண்டுகிற இடம் என்று அர்த்தம். ஆறு அவ்வளவு குறுகி ஓடுகிறது. ஒகேனக்கலுக்கு மேலே, எல்லையில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. அங்கே சுமார் 67 டி.எம்.சி. கொள்ளும் அணை கட்ட வேண்டும் என்கிறது கர்நாடகம். பெங்களூருக்குக் குடிநீர், கூடவே 400 மெகாவாட் மின்சாரம் என்று காரணம் சொல்கிறது. தமிழ்நாடு கூடாது என்கிறது.

பூட்டு இல்லாமல் நேராக வருகிற காட்டு மழைத் தண்ணீர் என்று முன்னே சொன்னோம் அல்லவா? மேகதாதுவில் அணை வந்தால் அதற்கும் பூட்டு வந்துவிடும். பயம் அதுதான். வெள்ளத்தைத் தேக்கி வைத்து மாதாமாதம் நிதானமாகக் கொடுக்கலாமே, அதைத்தானே நீங்களும் கேட்கிறீர்கள் என்று கர்நாடகத்தில் வாதாடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாதப் பட்டியல் 2018 முதல் கையில் இருக்கிறது. 2023-ல் அந்தப் பட்டியல் என்ன ஆயிற்று என்று பார்த்தவர்கள், இன்னொரு சாவியையும் அதே கையில் கொடுக்கத் தயங்குவதில் ஆச்சரியம் இல்லை. வறண்ட வருஷத்தில் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்பதற்கு இரு மாநிலமும் ஒப்புக்கொண்ட ஒரு கணக்கு முதலில் வரவேண்டும். அது இல்லாமல் எத்தனை அணை கட்டினாலும் சண்டை தீராது.

குழாய் அருவி

ஆடிப் பதினெட்டு அன்று ஒகேனக்கலில் அரசாங்கமே விழா நடத்துகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் விழா நடத்த யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் ஆற்றங்கரையில் காதோலை கருகமணி, மஞ்சள், பழம் வைத்துப் படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். பிள்ளைகள் சின்னச் சப்பரம் செய்து தெருவில் இழுத்துப் போவார்கள். சித்திரான்னம் கட்டிப் போய், படித்துறையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

தண்ணீர் வராத வருஷங்களில் மணலில் பள்ளம் தோண்டி, ஊறுகிற தண்ணீரை வைத்துப் பூஜை செய்திருக்கிறார்கள். சில படித்துறைகளில் ஆழ்குழாய்த் தண்ணீரைக் கம்பிக் குழாயில் ஏற்றி, ஓட்டை போட்டுப் பூவாளி மாதிரி தெளிக்கவிட்டார்கள். காவிரி மணலில் வரிசையாக நின்று ஜனங்கள் அதில் தலையை நனைத்துக்கொண்டார்கள். அது ஒன்றுதான் தஞ்சாவூர்ச் சீமை பார்த்த அருவி.

நல்ல வருஷத்தில், மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். அங்கிருந்து ஆறு கிளை ஆறாகி, கிளை வாய்க்காலாகி, கடைமடைக்கு வந்து சேர மேலும் ஒரு வாரம், பத்து நாள். காய்ந்த வாய்க்காலில் புதுத் தண்ணீர் சத்தமே போடாது. சருகையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில், வெடித்த மண்ணைக் குடித்துக் குடித்து வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள். கிழவிகள் ஒரு கை நெல்லும் பூவும் எடுத்துவந்து தூவுவார்கள். மண்வெட்டியோடு வரப்பில் நிற்கிறவர், பக்கத்து வயல்காரரைப் பார்த்துக் குரல் கொடுப்பார்:

"அங்கே ஒகேனக்கல்ல இன்னிக்கு எவ்வளவாம்?"